உப்ப அடியோட நிறுத்தச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர் ஹெல்த் பக்கத்துல உப்பு ஒரு விஷம், அறுபது வயசு தாண்டுனவங்க அத அடியோட விட்டுட்டு தினம் நாலு லிட்டர் தண்ணி குடிங்க, பிபி தானா இறங்கிடும்னு ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல. உப்ப குறைக்கணும்னு சொல்றது சரிதான், அதுல எனக்கு எந்த மறுப்பும் கிடையாது, நம்ம வீடுகள்ல ஊறுகா அப்பளம் கருவாடுன்னு தேவைக்கு மேலதான் சாப்பிடுறோம். ஆனா குறைக்கிறது வேற நிறுத்துறது வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க அப்பா உசுரு போயிட்டு வந்துச்சு, அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், இடம் இருந்தா முழுசா போடுங்க.

நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன், ஒரு லேப்ல டெக்னீஷியனா 19 வருஷமா வேலை. அப்பா கோலார் தங்க வயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பாத்தவர், 2001-ல மூடுற வரைக்கும் அங்கதான். மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம், அவ்ளோ கீழ போனா பாறையே சுடும், கூண்டுல எறங்கி பத்து நிமிஷத்துல சட்ட பிழிஞ்சா தண்ணி ஊத்துமாம். அம்மா தூக்குல கஞ்சி ஊத்திக் குடுக்கும்போது உப்பு கொஞ்சம் தூக்கலாவே போடுவாங்க, உப்பு கம்மியா போச்சுன்னா அன்னைக்கு ஷிஃப்ட்டுல கெண்டைக்கால் சதை இழுத்துப் புடிச்சுக்கும்னு அப்பா இப்பவும் சொல்வார். இது எங்க வீட்டு நம்பிக்கை மட்டும் இல்ல, 1920-கள்ல இங்கிலாந்து நிலக்கரி சுரங்கத்துல இதே சதைப்பிடிப்ப ஆராய்ச்சி பண்ணி, வேர்வையில போன உப்ப திருப்பிக் குடுக்காம வெறும் தண்ணியா குடிக்கிறதாலதான் வருதுன்னு கண்டுபிடிச்சு, குடிக்கிற தண்ணியிலயே உப்பு கலந்து குடுத்தாங்க. அப்படி உப்புக் கஞ்சி குடிச்சு உழைச்ச மனுஷன் 76 வயசுல போன்ல வந்த ஒரு ஃபார்வர்ட நம்பி உப்ப விட்டுட்டார், அதுலயும் உங்க பக்கத்துல வந்த அதே விஷயம்தான் இருந்துச்சு.

போன வருஷம் பங்குனி கடைசி, நல்ல வெயில். அப்பா பிபிக்கு சாப்பிடுற மாத்திரையில நீர் பிரியுற மருந்தும் சேந்திருக்கு. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத காய், ரெண்டு பழம், மத்தபடி பாட்டில் பாட்டிலா தண்ணி. எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, காலையில ஏழு மணிக்கு போயிடுறேன், சமைச்சு வெச்சதுல உப்பு போட்ட கொழம்ப அப்படியே வெச்சுட்டு இவர் தனியா பொங்கி சாப்பிட்டிருக்கார். ரெண்டு வாரத்துல பசி இல்லன்னார், கொமட்டுதுன்னார், நடை தள்ளாடுச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனேன், வயசாயிடுச்சும்மா அப்படித்தான் இருக்கும்னு சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் குடுத்தாங்க, ரத்தம் பாக்கல. மூணாவது வாரம் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சட்டைய மாட்டிட்டு நிக்கிறார், பட்டன் போட வரல, மேல் பட்டன கீழ் ஓட்டையில மாட்டி மாட்டி எடுக்குறார். என்னப்பான்னு கேட்டா, விளக்கு எங்கம்மா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, உங்கம்மா கஞ்சி ஊத்திட்டாளான்னு கேக்குறார். அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு.

தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் மறதி நோய்ன்னார், ஒருத்தர் பக்கவாதம்ன்னார், ஒரு பாட்டி மந்திரிச்சு கட்டச் சொன்னாங்க. எனக்கு அந்த கஞ்சின்னு அவர் சொன்ன வார்த்தையிலதான் பொறி தட்டுச்சு. அடுப்படியில போயி உப்பு ஜாடிய பாத்தேன், நான் மாசக் கடைசியில நெரப்புனது அப்படியே இருக்கு. அவர் கையிலேர்ந்து நானே ரத்தம் எடுத்து லேபுக்கு தூக்கிட்டு ஓடி, சோடியம் பொட்டாசியம் அளக்குற எலக்ட்ரோலைட் மெஷின்ல போட்டேன். உப்புல இருக்கிற முக்கியமான சத்தே சோடியம்தான், அது ரத்தத்துல 113. நார்மல்னா 135-லேர்ந்து 145 இருக்கணும். மெஷின்தான் தப்பு காட்டுதோன்னு கன்ட்ரோல், அதாவது அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், ஓட்டி பாத்துட்டு மறுபடி போட்டேன், அதே 113. எத்தனையோ பேரு ரிப்போர்ட்டுல இந்த மாதிரி நம்பர பாத்து போன் பண்ணி டாக்டருக்கு சொல்லியிருக்கேன், அன்னைக்கு கை நடுங்கி போன்ல நம்பர் அழுத்த முடியல.

ஆஸ்பத்திரியில ஐசியூல வெச்சு 3 சதவீத உப்புத் தண்ணிய நரம்புல சொட்டு சொட்டா ஏத்துனாங்க. ஏன் சார் இவ்ளோ மெதுவான்னு தம்பி சண்டைக்கே போயிட்டான். 24 மணி நேரத்துல எட்டு, மிஞ்சிப் போனா பத்து பாயிண்டுக்கு மேல ஏத்தக் கூடாதுங்க, அதுக்கு காரணம் இருக்கு, பின்னாடி சொல்றேன். நாலாவது நாள் காலையில கண்ண முழிச்சு காப்பி இருக்கான்னு கேட்டார், சக்கர கம்மியான்னும் சேத்துக் கேட்டார். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இதுல என்ன நடந்துச்சுன்னு நம்ம ஜனங்களுக்கு தமிழ்ல யாரும் விளக்கமா சொல்றதில்ல, உப்பு கெட்டது சக்கர கெட்டதுன்னு தீர்ப்பு மட்டும் சொல்லிட்டுப் போயிடுறாங்க. காரணம் புரிஞ்சா யாரும் இந்த மாதிரி கண்ண மூடிட்டு செய்ய மாட்டாங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா தினம் இதுலதான் கிடக்குறேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மாங்காய நறுக்கி உப்பு போட்டு வெச்சா கொஞ்ச நேரத்துல தண்ணி விட்டு மாங்கா சுருங்குது இல்லையா, அதே உலர் திராட்சைய வெறும் தண்ணியில போட்டா உப்பி குண்டாகுது. ரெண்டும் ஒரே கணக்குதான், தண்ணி எப்பவும் உப்போ சக்கரையோ அதிகமா கரைஞ்சிருக்கிற பக்கத்துக்கு போகும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு திராட்சை மாதிரி, சுத்தி இருக்கிற தண்ணியில சோடியம் சரியா இருந்தா உள்ளயும் வெளியயும் சமமா நிக்கும். வெளிய சோடியம் குறைஞ்சா தண்ணி செல்லுக்குள்ள போயி செல் வீங்கும். கையில கால்ல வீங்குனா இடம் இருக்கு, மூளைய சுத்தி மண்டையோடு இருக்கே, வீங்க எங்க இடம்? அதுதான் கொமட்டல், தடுமாற்றம், ஆள் தெரியாம பேசுறது, இன்னும் போனா ஃபிட்ஸ், கோமா. சோடியம் கம்மியானா நரம்புல கரண்ட் பத்தாம போயிடும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அப்பாவுக்கு வந்தது முக்கியமா இந்த வீக்கத்தாலதான். தண்ணி நிறைய குடிச்சா ஒண்ணுக்கா போயிடாதான்னு கேப்பீங்க, கிட்னியால வெறும் தண்ணிய மட்டும் தள்ள முடியாது, கூட கொஞ்சமாவது உப்பும், புரதத்துலேர்ந்து வர்ற யூரியாவும் கரைஞ்சு போகணும், உப்பும் இல்லாம பருப்பு மாதிரி புரதமும் இல்லாம வெறும் கஞ்சியில இருந்தா குடிச்ச தண்ணி உடம்புலயே தேங்கும். அதுக்கு மேல அந்த நீர் மாத்திரை வேற கிட்னியில சோடியத்த திருப்பி உள்ள இழுக்குற ஒரு கதவ அடைச்சு வெச்சிடும். மூணும் சேந்துதான் அப்பாவ படுக்க வெச்சுச்சு.

கதவுன்னு சொன்னேன் இல்ல, அத கொஞ்சம் விவரமா சொல்லணும். செல்ல சுத்தி இருக்கிற சவ்வு எண்ணெய் மாதிரியான கொழுப்பு ரெண்டு அடுக்கா நிக்கிற சுவர், ஒரு மில்லிமீட்டர லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்கு கூட வராது அதோட கனம். எண்ணெயில உப்பு கரையாதுன்னு சமைக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால சோடியமும், அதே மாதிரி இன்னொரு உப்புச் சத்தான பொட்டாசியமும் அந்த சுவர தானா தாண்டவே முடியாது, ஆக்சிஜன் மாதிரி சின்ன வாயு நழுவிப் போகும். உப்புக்கு தனித்தனியா புரதத்துல செஞ்ச வாசல் உண்டு, தண்ணிக்குக் கூட தனி வாசல், 1992-ல பீட்டர் ஆக்ரேங்குற அமெரிக்கர் கண்டுபிடிச்சார், ஒரே வாசல்ல ஒரு செகண்டுக்கு 300 கோடி தண்ணி மூலக்கூறு போகுமாம். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது பொட்டாசியம் வாசல். சோடியம் பொட்டாசியத்த விட சின்னது, அப்ப சின்னது ஈஸியா நுழையணுமே, நுழையாது. பொட்டாசியம் அந்த வழியில சட்டை அளவெடுத்து தெச்ச மாதிரி கச்சிதமா உக்காரும், சோடியத்துக்கு அது தொளதொளன்னு இருக்கும், அதனால அது தன்ன சுத்தி ஒட்டிட்டு இருக்கிற தண்ணிய விட்டுட்டு உள்ள வராது. மெக்கின்னன்குறவர் 1998-ல அந்த வாசலோட உருவத்தையே படம் புடிச்சுக் காட்டுனார், அவருக்கும் ஆக்ரேவுக்கும் சேத்து 2003-ல நோபல். எங்க லேப் மெஷின்ல பொட்டாசியம் பாக்குற எலக்ட்ரோடுக்குள்ளயும் இதே வித்தைதான், வாலினோமைசின்னு ஒரு பாக்டீரியா தயாரிக்கிற பொருள ஒரு மெல்லிய சவ்வுல கலந்து வெச்சிருப்பாங்க, அது பொட்டாசியத்த மட்டும் பொறுக்கி எடுக்கும். செல்லு செய்யுறதத்தான் மெஷினும் செய்யுது.

அடுத்தது பம்ப். வாசல் இருந்தா எல்லாம் கலந்து சமமாயிடுமே, ஆகாம யாரு பாத்துக்குறது? ஒவ்வொரு செல்லுலயும் ஒரு புரதம் ஓயாம மூணு சோடியத்த வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்த உள்ள இழுத்துட்டே இருக்கு, நாம தூங்குனாலும் அது தூங்குறதில்ல, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில அஞ்சுல ஒரு பங்கு கிட்ட இதுக்கே போகுது. டென்மார்க்ல ஸ்கவுன்னு ஒரு டாக்டர், ஊசி போட்டா எப்படி மரத்துப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர், கடற்கரை நண்டோட கால்ல இருக்கிற நரம்ப அரைச்சு அரைச்சு பாத்து 1957-ல இந்த பம்ப கண்டுபிடிச்சார், நோபல் குடுத்தது 1997-ல, நாப்பது வருஷம் கழிச்சு.

இந்த பம்ப நான் கண்ணால பாக்கல, ஆனா அது நின்னாலோ சவ்வு கிழிஞ்சாலோ என்ன ஆகும்னு வாரத்துக்கு ரெண்டு தடவ பாக்குறேன். புதுசா சேந்த பொண்ணுங்க சின்ன ஊசியில வேகமா ரத்தத்த இழுத்துடுவாங்க, சிவப்பணு உடைஞ்சிடும், மெஷின்ல சுத்தி எடுத்தா வைக்கோல் கலர்ல தெளிவா நிக்க வேண்டிய சீரம் ரோஸ் கலர்ல வரும். அத மெஷின்ல போட்டா பொட்டாசியம் ஏழு எட்டுன்னு ரொம்ப அதிகமா காட்டும். நோயாளிக்கு ஒண்ணுமே இருக்காது. சிவப்பணுவுக்குள்ள பொட்டாசியம் வெளிய இருக்கிறத விட இருவது மடங்குக்கு மேல இருக்கு, சவ்வு கிழிஞ்சதும் அத்தனையும் கொட்டிடுச்சு, அவ்ளோதான். இன்னொண்ணு, பிரிக்காத ரத்தத்த ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டு காலையில பாத்தாலும் பொட்டாசியம் ஏறியிருக்கும், ஒரு செல்லும் உடைஞ்சிருக்காது, குளிர்ல பம்ப் ஓடல, உள்ள இருந்தது மெல்ல மெல்ல கசிஞ்சிருக்கும். அதனாலதான் பொட்டாசியம் பாக்கணும்னா ரத்தத்த உடனே கொண்டு வாங்க, ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்கன்னு நாங்க கத்துறது.

சரி நரம்புக்கு வர்றேன். பம்ப் இப்படி தள்ளித் தள்ளி வெச்சதால, அதோட பொட்டாசியம் மெல்ல வெளிய கசியறதால, நரம்பு செல்லுக்கு உள்பக்கம் வெளிய விட 70 மில்லிவோல்ட் கம்மியா நிக்குது. 70 மில்லிவோல்ட் என்ன பெருசான்னு தோணும், சவ்வு அவ்ளோ மெல்லிசுங்கிறதால கணக்குப் போட்டா ஒரு சென்டிமீட்டருக்கு லட்சம் வோல்ட் அழுத்தம். ஒரு சிக்னல் வந்ததும் சோடியம் வாசல் படக்குன்னு தொறக்கும், வெளிய காத்துக் கெடந்த சோடியம் பாயும், உள்பக்கம் பிளஸ் 30, 40 வரைக்கும் போயிடும், உடனே சோடியம் வாசல் அடைச்சுக்கும், பொட்டாசியம் வாசல் தொறந்து பொட்டாசியம் வெளிய போயி பழையபடி ஆயிடும், மொத்தமும் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும். அந்த இடத்துல நடந்தது பக்கத்து இடத்து வாசல தொறக்கும், அது அடுத்தத. தீவாளிக்கு சரவெடி கொளுத்துறோம் இல்ல, முதல் வெடி எவ்ளோ சத்தமோ கடைசி வெடியும் அதே சத்தம், நடுவுல கொறையாது, பாதி சத்தத்துல எந்த வெடியும் வெடிக்காது. அது மாதிரிதான், என்ன, இந்த சரவெடி வெடிச்ச அடுத்த நொடியே மறுபடி வெடிக்க தயாரா நிக்கும். பல் புடுங்கும்போது போடுற ஊசி இருக்கே, அந்த லிக்னோகைன் செய்யுறது இந்த சோடியம் வாசல அடைக்கிறது மட்டும்தான், வாசல் அடைஞ்சா வலிங்கிற செய்தி மூளைக்கு போகவே போகாது.

இத கண்டுபிடிச்ச கதையும் பெருசு. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு பேரு 1939-ல இங்கிலாந்து பிளிமத்துல கணவா மீனோட நரம்ப எடுத்து அதுக்குள்ள கம்பிய விட்டு வோல்டேஜ அளந்தாங்க. சிவாஜிநகர் மார்க்கெட்டுல வாங்குறோமே அதே கணவா ஜாதி, அதுல ஒரு நரம்பு அரை மில்லிமீட்டர், சிலதுல ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இருக்கும், நம்ம நரம்பு இழை தடிச்சதே அதுல அம்பதுல ஒரு பங்குதான் வரும். அளந்த கொஞ்ச நாள்ல உலக யுத்தம் வந்துடுச்சு, எல்லாத்தையும் போட்டுட்டு போயிட்டாங்க, திரும்பி வந்து 1952-ல நரம்புல சிக்னல் எப்படி ஓடுதுங்குற முழு கணக்கையும் வெளியிட்டாங்க, கம்ப்யூட்டர் கிடைக்காம கையால சுத்துற கணக்கு மெஷின்ல ஹக்ஸ்லி ஒவ்வொரு அடியா போட்டார். 1963-ல நோபல். இன்னைக்கு வரைக்கும் நரம்பு கணக்குன்னா அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

கணவாக்கு நரம்பு ஏன் அவ்ளோ தடிமன்னா வேகத்துக்கு, தடிச்சாத்தான் சிக்னல் வேகமா ஓடும். நமக்கு அத்தன தடிமன்ல நரம்பு வேணும்னா முதுகுத்தண்டு மரம் மாதிரி இருக்கணும். அதனால நமக்கு வேற ஏற்பாடு, கரண்ட் வயருக்கு பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி நரம்ப சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை, இடையில இடையில சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில மட்டும்தான் சோடியம் வாசல் கூட்டமா இருக்கும், சிக்னல் ஒரு இடைவெளியிலேர்ந்து அடுத்ததுக்கு தாவித் தாவி போகும். உறை போட்ட தடிச்ச நரம்புல ஒரு செகண்டுக்கு நூறு மீட்டர தாண்டும், உறை இல்லாத மெல்லிய நரம்புல ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர்தான். கால் கட்டவிரல் வாசப்படியில இடிச்சா முதல்ல சுள்ளுன்னு ஒரு வலி, அப்புறம் கொஞ்சம் கழிச்சு விண்விண்ணுன்னு ஒரு வலி வருதே, அது ரெண்டு வேற வேற நரம்புல வேற வேற வேகத்துல வந்து சேர்ற செய்தி.

இப்ப அந்த சொட்டு சொட்டா ஏத்துன விஷயம். சோடியம் மெதுவா குறையும்போது மூளை செல்லு சும்மா இருக்காது, வீங்காம தப்பிக்க உள்ள இருக்கிற பொட்டாசியத்தையும் வேற சில பொருளையும் வெளிய தள்ளி தன்ன மெலிய வெச்சுக்கும், ரெண்டு நாள்ல இந்த ஏற்பாடு முடிஞ்சிடும். அந்த நெலமையில நாம அவசரப்பட்டு ரத்தத்துல சோடியத்த மடமடன்னு ஏத்துனா, இப்ப தண்ணி மாங்காயிலேர்ந்து வர்ற மாதிரி மூளை செல்லுலேர்ந்து வெளிய வந்துடும், செல்லு சுருங்கும், மூளைத்தண்டுல இருக்கிற நரம்புகளோட அந்த மயலின் உறை சிதைஞ்சிடும். ஆளு முழிச்சிருப்பாங்க, பேச முடியாது, முழுங்க முடியாது, கை கால் அசையாது. டாக்டர் அந்த சொட்ட மெதுவா விட்டது எங்கப்பாவ காப்பாத்தத்தான், தம்பி அப்புறம் டாக்டர் கைய புடிச்சு மன்னிப்பு கேட்டான். ரத்தத்துல சோடியம் குறைஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சதும் வீட்டுலயே உப்ப கரைச்சு கரைச்சு வாயில ஊத்துறவங்களுக்கும் இத சொல்றேன், செய்யாதீங்க, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.

ஒரு நரம்பு முடிஞ்சு அடுத்த நரம்பு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு சின்ன இடைவெளி உண்டு, அங்க ரசாயனம்தான் தாண்டும். 1921-ல ஓட்டோ லோவி தவளை இதயத்த வெச்சு இத நிரூபிச்சார், ஒரு இதயத்தோட நரம்ப தூண்டி அது துடிப்பு குறைஞ்சதும் அதுல இருந்த தண்ணிய எடுத்து இன்னொரு இதயத்துல விட்டார், அதுவும் குறைஞ்சுது. அந்த இடைவெளியிலயும் சிக்னல் வந்து சேந்ததும் முதல்ல தொறக்குறது ஒரு கால்சியம் வாசல். எங்க பாத்தாலும் உப்புச் சத்துதான்.

உப்பு விஷம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகப்படுத்தணும். 1971 பங்களாதேஷ் யுத்தத்துல நம்ம எல்லையில மேற்கு வங்காளத்து போங்காவ்ல அகதிகள் முகாம்ல காலரா பரவுச்சு, ஊசியில ஏத்துற சலைன் தீந்துபோச்சு. திலீப் மஹலனாபிஸ்ங்குற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணியில கலந்து டிரம்ல வெச்சு வாயாலயே குடிக்க வெச்சார். முப்பது சதவீதம் கிட்ட செத்துட்டு இருந்த இடத்துல நாலு சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. ஏன்னா குடல்ல ஒரு வாசல் இருக்கு, அது சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் தொறக்கும், அதுங்க போன பின்னாடியே தண்ணி போகும், காலரா பேதியிலயும் அந்த வாசல் கெடாது. அவருக்கு அவர் செத்த அப்புறம் 2023-ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. ஓஆர்எஸ்னு நாம வாங்குற பொட்டலம் அதுதான், ஒரு லிட்டர் தண்ணிக்கு 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு அதுல இருக்கு. கோடிக்கணக்குல குழந்தைங்க உசுர காப்பாத்துன பொருள விஷம்னு ஒரே வார்த்தையில எழுதுனா எனக்கு வலிக்குது.

நீங்க செய்ய வேண்டியது பெருசு இல்ல. அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு அஞ்சு கிராமுக்கு உள்ள உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி, அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவுன்னு போடுங்க. நீர் மாத்திரை, மன அழுத்தத்துக்கு சில மாத்திரை, ஃபிட்ஸுக்கு கார்பமசெபைன் இதெல்லாம் சாப்பிடுற பெரியவங்க டாக்டர கேட்டு அப்பப்ப சோடியம் பொட்டாசியம் டெஸ்ட் பாத்துக்கணும்னு போடுங்க. இத படிச்சுட்டு யாரும் பிபி மாத்திரைய நிறுத்திடக் கூடாது, அப்பா இப்பவும் பிபி மாத்திரை சாப்பிடுறார், டாக்டர் வேற மாத்திரை மாத்திக் குடுத்திருக்கார். இன்னொரு விஷயம், கடையில சோடியம் கம்மி உப்புன்னு விக்குறாங்க, அதுல சோடியத்துக்கு பதிலா பாதி அளவுக்குக் கூட பொட்டாசியம் இருக்கும், நல்லா இருக்கிறவங்களுக்கு அது நல்லதுதான், கிட்னி சரியில்லாதவங்களுக்கு அந்த பொட்டாசியம் வெளிய போகாம ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திடக் கூடும். அதையும் பெருசா போடுங்க. வயசானவங்க திடீர்னு ஒரு வாரம் பத்து நாள்ல ஆள் மாறி பேசுனா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாம முதல்ல ஒரு சோடியம் பாருங்கன்னும் போடுங்க, கொஞ்சூண்டு ரத்தம் போதும், ஒரு மணி நேரத்துல ரிப்போர்ட் வந்துடும்.

எங்க தெரு மொனையில இருக்கிற டீக்கடையில பெரியவங்க நாலஞ்சு பேரு காலையில உக்காந்து நம்ம பேப்பர படிப்பாங்க, போன வாரம் வந்த அந்த உப்பு பக்கத்த யாரோ கத்தரிச்சு கல்லாவுக்கு மேல ஒட்டி வெச்சிருக்காங்க. நேத்து போயி கிழிச்சுடலாமான்னு பாத்தேன், எல்லாரும் மரியாதையா ஒட்டி வெச்சது, மனசு வரல. உங்க பதில் எப்ப வருதோ அன்னைக்கே அதையும் கத்தரிச்சு அது மேலயே ஒட்டணும், சீக்கிரம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், வாசகி
அல்சூர், பெங்களூர்